ஒற்றைப் புள்ளடி: கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்க அரசியலைப் பார்க்கும்போது

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை பின்னேரம். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்களித்தேன். சின்னதொரு தாள். அதில் எங்கள் தொகுதி வேட்பாளர்களின் பெயர்களும் அவர்களுடைய கட்சிகளின் பெயர்களும். பென்சிலால் ஒரு வட்டத்துக்குள் ஒரு புள்ளடி போட்டு, தாளை மடித்து, அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரவு அந்தப் பெட்டியை அங்கேயே திறந்து, வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, தாள் தாளாகக் கையால் எண்ணுவார்கள்.

இதை நியூஜெர்சியில் இருக்கும் மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அவ்வளவுதானா? ஒரே ஒரு ஆளுக்கா?" என்று கேட்டார். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 நவம்பரில், அவர் நிரப்பிய வாக்குச்சீட்டில் ஜனாதிபதி, செனட்டர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், கவுண்டி நிர்வாகிகள், பள்ளிச் சபை என்று வரிசை நீண்டிருந்ததாம். பாதிப்பேரை யாரென்றே தெரியாமல் கட்சியைப் பார்த்து வட்டங்களைக் கறுப்பாக்கினாராம். வேறு பல மாநிலங்களில் நீதிபதிகளையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு மச்சான் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது: "நீங்கள் பிரதமருக்கு வோட்டுப் போடவே இல்லையே மச்சான். பிறகென்ன ஜனநாயகம்?"

நான் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து கனடிய அரசியலில் தாராளவாதப் பக்கம் நிற்பவன். எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அமெரிக்கச் செய்தியைப் பார்த்து, நாங்கள் இரக்கமுள்ள சனம், அவர்கள் முரட்டுச் சனம் என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நியூஜெர்சியில் என் தங்கை குடும்பத்தைச் சுற்றியுள்ள அமெரிக்கர்கள், பனி கொட்டினால் பக்கத்து வீட்டுப் பாதையையும் சேர்த்து அள்ளிவிடுகிறவர்கள். ஸ்காபரோவில் என் பக்கத்து வீட்டுக்காரரைவிட அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. வித்தியாசத்தின் பெரும் பங்கு மனிதரிடம் இல்லை. இரண்டு நாடும் தங்கள் ஆட்சியை அடுக்கி வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்த அடுக்கு எப்படி வந்தது, எங்கே தாங்குகிறது, எங்கே இப்போது ஆடுகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சொல். 'லிபரல்' என்பதை இரண்டு நாடுகளும் ஒரே மொழியில் சொன்னாலும் ஒரே பொருளில் கேட்பதில்லை. அமெரிக்காவில் 1980களிலிருந்து அது எதிராளிமேல் எறியும் கல். 1988 ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸைச் சாய்க்க மூத்த புஷ்ஷின் அணி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எறிந்தது. கனடாவிலோ அது 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்ட கட்சியின் பெயர். வங்கி மேலாளரும் தொழிற்சங்கக்காரரும் ஒரே தேர்தலில் அதற்கு வாக்களிப்பார்கள். அதற்கும் இடப்பக்கத்தில், டக்ளஸ் என்ற ஒரு மனிதர் வளர்த்த கட்சியின் வழிவந்த புதிய ஜனநாயகக் கட்சி இருக்கிறது. இந்த மூன்றாவது கட்சியை நினைவில் வைத்திருங்கள். இந்தக் கதையின் முக்கியமான கண்ணி அதுதான்.

இரண்டு நாடும் பிரிந்த இடத்தைத் தேடிப் போனால் 1774க்குப் போகவேண்டும். பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கியூபெக்கை ஆள, அந்த ஆண்டு பிரித்தானியா ஒரு சட்டம் இயற்றியது. கத்தோலிக்கர் தங்கள் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றலாம், பிரெஞ்சு உரிமையியல் சட்டம் தொடரலாம் என்றது அது. பொஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்த புரட்சிக்காரருக்கு இது பொறுக்கமுடியாத கொடுமையாகத் தெரிந்தது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர்மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில், பக்கத்து மாகாணத்தில் ஆங்கிலச் சட்டங்களை ஒழித்தார் என்பதும் ஒன்று. தங்கள் விடுதலைப் பத்திரத்திலேயே அவர்கள் அயலவனுக்குக் கிடைத்த சலுகையைக் குறையாக எழுதிவைத்தார்கள். கனடாவுக்கோ அந்தச் சலுகைதான் அத்திவாரம். இரண்டு மொழி, இரண்டு சமயம், இரண்டு சட்டமுறை என்று தொடங்கிய நாட்டில் எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது முதல் நாளிலேயே முடியாத காரியமாகிவிட்டது. 1971இல் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தபோது அதை ஒரு புதுச் சிந்தனை என்றார்கள். எனக்கு அது இருநூறு வருடப் பழைய விட்டுக்கொடுப்பின் நீட்சியாகத்தான் தெரிகிறது.

அமெரிக்கா அன்றே எங்களைக் கேட்டுப் பார்த்தது. 1775இல் படையனுப்பி மொன்றியலைப் பிடித்தார்கள். கியூபெக் நகரத்தின் மதில் அடியில் அந்த வருடத்தின் கடைசி நாளில் தோற்றார்கள். அவர்களது முதல் அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, கனடா சேர விரும்பினால் யாரையும் கேட்காமல் சேரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தது; வேறு எந்தக் குடியேற்றத்துக்கும் அந்த வரவேற்பு இல்லை. 1812இல், ஓய்வுபெற்றிருந்த முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சன், கனடாவைப் பிடிப்பது வெறுமனே நடந்துபோகிற வேலை என்று எழுதினார். அடுத்த வருடம் அவர்களது படை, இன்றைய ரொறன்ரோவான யோர்க்கின் சட்டசபைக் கட்டடத்தை எரித்தது. அதற்கு அடுத்த வருடம் பிரித்தானியப் படை வாஷிங்டனை எரித்தது. இதற்கிடையே, புரட்சியில் மன்னர் பக்கம் நின்று சொத்தை இழந்த பல்லாயிரம் பேர் வடக்கே வந்து குடியேறினார்கள். ஆங்கிலக் கனடாவின் வேர் அந்த அகதிகளிடம் இருக்கிறது.

இதையெல்லாம்விட இன்றைய வாழ்க்கையைத் தீர்மானித்தது 1860கள். கனடாவின் தலைவர்கள் ஒரு கூட்டாட்சியை வரைய உட்கார்ந்த நேரத்தில் எல்லைக்கு அப்பால் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாநிலங்களுக்குக் கூடிய அதிகாரம் கொடுத்ததுதான் அந்தப் போருக்குக் காரணமான பிழை என்று, பின்னர் கனடாவின் முதற் பிரதமரான ஜோன் ஏ. மெக்டொனால்ட் முடிவுகட்டினார். அதனால் 1867 சட்டத்தில், பட்டியலில் சொல்லாத மிச்ச அதிகாரமெல்லாம் நடுவண் அரசுக்குப் போனது. அமெரிக்காவில் அது மாநிலங்களுக்குப் போயிருந்தது. சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று அவர்கள் எழுதிய இடத்தில் எங்கள் சட்டம் "அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி" என்று எழுதியது. மேடையில் முழங்க ஏற்ற சொற்கள் இல்லை இவை. ஆனாலும் எனக்கு இவற்றின்மேல் பெரிய மரியாதை உண்டு. அமைதியும் ஒழுங்கும் இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தவனுக்கு அந்த மூன்று சொற்களும் சும்மா சொற்கள் இல்லை.

அந்த வரைவில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வரி உண்டு: குற்றவியல் சட்டம் நடுவண் அரசின் கையில். அமெரிக்காவில் அது பெரும்பாலும் மாநிலத்தின் கையில். மரண தண்டனை, கருக்கலைப்பு, துப்பாக்கி ஆகிய மூன்றிலும் இரண்டு நாடும் இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம். கனடாவில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1962 டிசம்பரில், ரொறன்ரோவின் டொன் சிறையில். 1976இல் ஒரே வாக்கெடுப்பில் குற்றவியல் சட்டத்திலிருந்து மரண தண்டனை நாடு முழுக்க ஒழிந்தது. அன்று பொதுமக்களில் பெரும்பாலோர் அதை வைத்திருக்கவே விரும்பினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சனத்தின் இரக்கத்தால் அது போகவில்லை, பாராளுமன்றத்தால் போனது. கருக்கலைப்பும் அப்படித்தான். 1988 ஜனவரியில் மோர்கென்டாலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை அடித்துவிட்டது. 1991இல் மல்ரோனி அரசு கொண்டுவந்த புதிய சட்டமூலம் செனட்டில் 43க்கு 43 என்று சமநிலையில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் அதைத் தொடவில்லை. சண்டை ஓரிடத்தில் நடந்து ஓரிடத்தில் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கருக்கலைப்பை நாடு தழுவிய உரிமையாக்கிய ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் கவிழ்த்த பிறகு அதே சண்டை ஐம்பது தலைநகரங்களில் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. ஆற்றுக்கு ஒரு கரையில் குற்றம், மறுகரையில் மருத்துவம்.

துப்பாக்கியில் நாங்கள் சற்று அடக்கமாகப் பேசுவது நல்லது. 1989 டிசம்பரில் மொன்றியல் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக்கொன்ற பிறகு 1995இல் சட்டம் வந்தது. நீள்துப்பாக்கிப் பதிவேட்டை 2012இல் ஹார்ப்பர் அரசு கலைத்தது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் செத்ததும், இரண்டு கிழமைக்குள் 1,500 வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. முன்னும் பின்னுமாக நடந்த பாதைதான், ஆனாலும் அரசு நினைத்தால் நகரமுடிகிறது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 பிள்ளைகளும் ஆறு பெரியவர்களும் செத்தபோது அமெரிக்கர்களுக்கு மனம் துடிக்காமல் இல்லை. நான்கு மாதம் கழித்து, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் எளிய திருத்தம் ஒன்று செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. தோற்றது. அங்கே பெரும்பான்மை போதாது, 60 வேண்டும். அறுபது லட்சம்கூட இல்லை, ஆறு லட்சத்துக்கும் குறைந்த சனத்தொகையுள்ள வயோமிங்குக்கு இரண்டு செனட்டர். கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. அன்று இரவு செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த மக்கள் கல்நெஞ்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. கை கட்டப்பட்ட மக்கள்.

இனி வைத்தியம். கனடியரைக் கனடியராக்குவது எது என்று யாரைக் கேட்டாலும் ஹெல்த் கார்டைத்தான் காட்டுவார்கள். ஆனால் இது எங்கள் இயல்பிலேயே ஊறிய குணம் இல்லை. போராடிப் பெற்றது, அதுவும் மயிரிழையில்.

டொமி டக்ளஸ் ஸ்கொட்லாந்தில் பிறந்து சிறுவயதில் வினிபெக்குக்கு வந்தவர். காலெலும்பில் பட்ட நோயால் காலை வெட்டவேண்டும் என்றிருந்த நிலையில், மாணவருக்குக் கற்பிக்க ஒரு நோயாளி தேவைப்பட்ட நிபுணர் ஒருவர் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்தார். கால் தப்பியது. ஓர் ஏழைப் பிள்ளையின் கால் இப்படியொரு தற்செயலில் தொங்கக்கூடாது என்பதை அவர் கடைசிவரை சொல்லிவந்தார். 1944இல் சஸ்காச்சுவனின் முதல்வரானார். 1947இல் மாகாணத்தில் எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி வந்தது. அடுத்த படியான வைத்தியர் கட்டணக் காப்புறுதிக்கு இன்னும் 15 வருடம் சென்றது. 1962 ஜூலை முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்த அன்றே வைத்தியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள். பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்களைக் கொண்டுவந்தார்கள். அரசு வீழ்ந்துவிடும், திட்டம் செத்துவிடும் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள். அரசு 1964 தேர்தலில் உண்மையிலேயே தோற்றது. ஆனால் வென்ற கட்சி திட்டத்தைக் கலைக்கவில்லை. இரண்டு வருடத்தில் சனம் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு மாகாணத்துக் கதை நாட்டின் கதையானதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தார்கள். கன்சர்வேட்டிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் அமைத்த ஆணைக்குழுவின் தலைவர், நீதிபதி எமெட் ஹோல், 1964இல் இது நாடு முழுக்க வேண்டும் என்று அறிக்கை தந்தார். லிபரல் பிரதமர் பியர்சன் சிறுபான்மை அரசு நடத்திக்கொண்டிருந்தார். அப்போது நடுவண் அரசியலுக்கு வந்துவிட்ட டக்ளஸின் புதிய ஜனநாயகக் கட்சி பாராளுமன்றத்தில் அவரைப் பின்னாலிருந்து தள்ளியது. 1966இல் சட்டம் வந்தது. 1972க்குள் எல்லா மாகாணமும் சேர்ந்துவிட்டன. வலது, நடு, இடது என்று மூன்று கையும் பிடித்துத் தூக்கிய பொருள் அது. இரண்டே கட்சியுள்ள சபையில் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அதே வருடங்களில் அமெரிக்காவிலும் இதே வேலைதான் நடந்தது. ஜனாதிபதி ட்ரூமன் 1945இலேயே நாடு தழுவிய காப்புறுதியைக் கேட்டார். வைத்தியர் சங்கம் அதைச் சோஷலிசம் என்று சொல்லிச் சாகடித்தது. போர்க்காலத்தில் சம்பள உயர்வுக்குத் தடை இருந்ததால், ஆட்களை இழுக்க முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்புறுதி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு வரிவிலக்கும் கிடைத்ததால் வேர்பிடித்துவிட்டது. 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் சட்டம் கொண்டுவரும்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று இருந்தது. விடுபட்டவர்கள் முதியோரும் ஏழைகளும். அவர்களுக்கு மட்டும் செய்தார். அங்கே முதியோருக்கானதன் பெயரும் மெடிகெயர், இங்கேயும் மெடிகெயர். அங்கே 65 வயதில் வருவது, இங்கே பிறக்கும்போது வருவது. பிறகு 2010இல் ஒபாமாவின் காப்புறுதிச் சட்டம் ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. 2017 ஜூலையில் அதை ஒழிக்க நள்ளிரவு தாண்டி நடந்த ஒரு வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜோன் மெக்கெயின் பெருவிரலைக் கீழே காட்டியதால்தான் அது உயிர் பிழைத்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் காப்புறுதி இல்லாமல் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதையும் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் மகளுக்கும், அதே கோடையில் நியூஜெர்சியில் மருமகனுக்கும் அப்பென்டிக்ஸ் வெடிக்கும் நிலை. மகளோடு நாங்கள் எமர்ஜென்சியில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்தோம். நெஞ்சிடியோடு காத்திருந்த அந்த இரவை நான் மறக்கமாட்டேன். மருமகனை இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே எடுத்துவிட்டார்கள். பில் மூன்று தனித்தனிக் கடித உறைகளில் வந்தது. காப்புறுதி இருந்தும் மச்சான் தவணை முறையில் கட்டி முடித்தார். ஆனால் பணத்தைவிட எனக்கு மனதில் தைத்தது வேறு. மச்சானுக்குத் தன் வேலை பிடிக்காது. சொந்தமாக ஒரு சிறு தொழில் தொடங்கவேண்டும் என்று பதினைந்து வருடமாகக் கதைக்கிறார். வேலையை விட்டால் குடும்பத்தின் காப்புறுதி போய்விடும். சுதந்திரத்தை முதற்சொல்லாக எழுதிய நாட்டில், பிடிக்காத வேலையை விட ஒரு மனிதருக்குச் சுதந்திரம் இல்லை. எங்களுடையதிலும் ஓட்டைகள் பெரிது. குடும்ப வைத்தியர் இல்லாமல் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் மருந்தும் பல்வைத்தியமும் தொடக்கத்திலிருந்தே திட்டத்துக்குள் இல்லை. அமெரிக்காவைப் பார்த்து ஆறுதல் அடைவதே இந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மச்சானின் கேள்விக்கு வருகிறேன். பிரதமருக்கு நாங்கள் வாக்களிப்பதில்லை, சரி. ஆனால் அவரைப் பாராளுமன்றம் எந்த நாளிலும் இறக்கலாம். 1979 டிசம்பரில் ஜோ கிளார்க் அரசின் வரவுசெலவுத் திட்டம் 139க்கு 133 என்று தோற்றது, அரசு விழுந்தது, இரண்டு மாதத்தில் தேர்தல். பணத்துக்கு ஒப்புதல் இல்லையென்றால் அரசே இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் பணத்துக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் ஜனாதிபதியும் இருப்பார், காங்கிரசும் இருக்கும், அரசாங்கம் மட்டும் கதவைப் பூட்டும். 2025 அக்டோபர் முதலாம் திகதி தொடங்கிய பூட்டு 43 நாள் நீடித்தது. சம்பளமில்லாமல் விமான நிலையத்தில் நின்ற ஊழியர்கள் செய்த பிழை என்ன? யாரையும் தண்டிக்க வழியில்லாத பிணக்கு, சாதாரண ஆட்களைத் தண்டித்தது.

தொகுதி எல்லைகளைப் பற்றி யாரும் கனடாவில் சாப்பாட்டு மேசையில் கதைப்பதில்லை, அதுதான் அதன் வெற்றி. 1964 சட்டப்படி மாகாணத்துக்கு மூன்றுபேர் கொண்ட தனி ஆணைக்குழு, பெரும்பாலும் ஒரு நீதிபதியின் தலைமையில், கோடு போடுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சியே போடுகிறது. 2025 கோடையில் டெக்சஸ், பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் சனத்தொகைக் கணக்கெடுப்புவரை பொறுக்காமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும்படி வரைபடத்தை மாற்றியது. பதிலுக்கு அந்த நவம்பரில் கலிபோர்னியா தன் சுயாதீன ஆணைக்குழுவின் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக வரைந்துகொண்டது. என் அணியைச் சேர்ந்தவர்கள் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. பணமும் அப்படியே: 2025இல் ஒரு கனடியர் ஒரு கட்சிக்குக் கொடுக்கக்கூடியது ஆகக்கூடியது 1,750 டாலர். கம்பனியும் தொழிற்சங்கமும் ஒரு சதமும் கொடுக்கமுடியாது. இதைத் தொடங்கியவர் லிபரல் பிரதமர் கிரெச்சியன், இன்னும் இறுக்கியவர் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பர். அங்கே, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் தேர்தலில் எவ்வளவும் செலவழிக்கலாம் என்ற 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கரையில்லாத வெள்ளம்.

இதுவரை வாசித்த கனடியர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தியிருந்தால், அடுத்ததையும் வாசிக்கவேண்டும். 2015இல் ஜஸ்டின் ட்ரூடோ, தொகுதியில் கூடிய வாக்குப் பெற்றவரே வெல்லும் இந்தப் பழைய வாக்குமுறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்று வாக்குறுதி கொடுத்தார். நான் நம்பினேன். 2017 பெப்ரவரியில் அதைக் கைவிட்டார். 2019, 2021 தேர்தல்கள் இரண்டிலும் நாடு முழுக்கக் கூடிய வாக்குப் பெற்றது கன்சர்வேட்டிவ் கட்சி. அரசு அமைத்தது எங்கள் பக்கத்து லிபரல் கட்சி. 2016இல் 28 லட்சம் வாக்குக் குறைவாகப் பெற்ற ட்ரம்ப் ஜனாதிபதியானபோது, அமெரிக்கத் தேர்வாளர் குழு முறையை அநியாயம் என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அதே அளவுகோலை வீட்டுக்குள் எடுத்துவர எனக்குச் சில வருடம் பிடித்தது.

அகதி விஷயத்தில் வெட்கம் இன்னும் ஆழம். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். நாங்கள் அந்தக் கதையைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரை அதே நாடு சிறைக்கு அனுப்பியது, பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து. 1914இல் இந்தியர்கள் வந்த கோமகாட்டா மாரு கப்பலின் 376 பேரில் பெரும்பாலோரை வன்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் வைத்துத் திருப்பியனுப்பியது. இப்போது கப்பல் தேவையில்லை, ஓர் ஒப்பந்தம் போதும். அமெரிக்கா அகதிகளுக்குப் பாதுகாப்பான நாடு, ஆகவே அங்கிருந்து நிலவழியாக வந்து கேட்பவரைத் திருப்பியனுப்பலாம் என்கிறது 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். அதை எல்லை முழுவதற்கும் விரித்தது 2023 மார்ச்சில் எங்கள் லிபரல் அரசு. அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் வீதியில் ஆட்களைப் பிடிக்கும் காணொளிகளைப் பார்த்து நாங்கள் கொதிக்கிறோம். அதே அதிகாரிகளிடம் ஆட்களை ஒப்படைக்கும் தாளில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வதிவிடப் பள்ளிகளில் கடைசியானது 1990களில்தான் மூடப்பட்டது. இரக்கம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லும் யாருக்கும் அந்தப் பள்ளிகள் ஒரு பதில்.

அதனால்தான் தெற்கிலிருந்து வரும் காற்று எங்களைத் தொடாது என்ற பேச்சு எனக்குப் பயமூட்டுகிறது. 2022 தொடக்கத்தில் கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பாரவண்டிகள் ஒட்டாவாவின் நடுவில் மூன்று கிழமை நின்றன. பிணை விசாரணையொன்றில் ஆதரவாளர் ஒருவர், இது எங்கள் முதலாவது திருத்தம் தரும் உரிமை என்றார். எந்த முதலாவது திருத்தம் என்று நீதிபதி கேட்டார். அது அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளது. கனடாவில் அப்படி ஒன்று இல்லை. ஒரு கனடியர் தன் உரிமையை நினைக்கும்போதே இன்னொரு நாட்டின் சட்டப் புத்தகம் மனதில் விரிகிறது. இன்னொரு பக்கம், எங்களுடைய உரிமைச் சாசனத்திலேயே ஒரு பின்கதவு உண்டு. 33ஆம் பிரிவின் கீழ் ஒரு மாகாண அரசு அடிப்படை உரிமைகள் பலவற்றை ஐந்து வருடத்துக்கு ஒதுக்கிவைக்கலாம். கியூபெக் 2019இல் ஆசிரியர் முக்காடோ தலைப்பாகையோ அணிவதைத் தடுக்க அதைப் பயன்படுத்தியது. 2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு, பள்ளிக்கூடத் துப்புரவாளர்களும் உதவியாளர்களுமான 55,000 பேரின் வேலைநிறுத்தத்தை உடைக்க அதைத் தூக்கியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்ததும் ஒரு கிழமைக்குள் பின்வாங்கியது. 2025 அக்டோபரில் அல்பேர்ட்டா ஆசிரியர்களுக்கு எதிராக அதைப் பயன்படுத்தியது, பின்வாங்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரையும் பெயர் சொல்லக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. எங்கள் 33ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

பிறகு ட்ரம்ப் எங்களை 51ஆவது மாநிலம் என்றார், பிரதமரை ஆளுநர் என்றார், வரி போட்டார். கனடா பொங்கி எழுந்ததை நேரில் பார்த்தேன். 2025 மார்ச்சில் ஒன்ராறியோ மதுக்கடைகளின் தட்டுகளிலிருந்து அமெரிக்கப் போத்தல்கள் இறங்கின. தமிழ்க் கடைகளில்கூட ஆட்கள் தோடம்பழம் எந்த நாடு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கருத்துக்கணிப்புகளில் இருபது புள்ளிக்கும் மேல் பின்தங்கியிருந்த லிபரல் கட்சி, மார்க் கார்னியின் தலைமையில், 343இல் 169 இடங்களைப் பிடித்தது. கன்சர்வேட்டிவ் தலைவர் பொலியேவ் தன் தொகுதியையே இழந்தார். 1911இலும் 1988இலும் போல, அமெரிக்காவோடு எவ்வளவு நெருங்குவது என்ற கேள்விதான் தேர்தலையே தீர்மானித்தது.

அன்று அந்த வாக்குச்சீட்டில் லிபரல் வேட்பாளரின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். முந்தைய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சிக்குப் போட்டவன் நான். நாடு பறிபோகுமோ என்ற பயத்தில் மாறினேன். என்னைப்போல் மாறியவர்கள் எத்தனை பேர் என்பது இரவு எண்ணியபோது தெரிந்தது. 2021இல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 100க்கு 66 வாக்குப் பெற்றிருந்தன. 2025இல் 85. டக்ளஸின் கட்சிக்கு ஏழே இடம். பாராளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இருக்க 12 வேண்டும். அமெரிக்காவைப்போல் ஆகமாட்டோம் என்று வாக்களித்து, கிட்டத்தட்ட அமெரிக்காவைப்போல் இரண்டு கட்சி நாடாக அன்று இரவு ஆகிவிட்டோம்.

அந்தக் கட்சி கடைசியாக வாதாடிப் பெற்றது மருந்துத் திட்டம். 2022இல் ட்ரூடோவின் சிறுபான்மை அரசைத் தாங்குவதற்கு வைத்த விலைகளில் அது ஒன்று. 2024 அக்டோபரில் சட்டமானது. முதற்படியாக நீரிழிவு மருந்தும் கருத்தடை மருந்தும் இலவசம், ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யவேண்டும். தேர்தலுக்கு முன் மானிட்டோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வேர்ட் தீவு, யூக்கொன் ஆகிய நான்கு கையெழுத்திட்டன. ஒன்ராறியோ அதில் இல்லை. என் மனைவிக்குப் பத்து வருடமாக நீரிழிவு. சபையில் இதை நாள்தோறும் எழுந்து கேட்கக்கூடிய கட்சிக்கு இப்போது கேள்வி நேரத்தில் நிலையான இடம் இல்லை, குழுக்களில் வாக்கு இல்லை. தேர்தல் நடந்த அந்த மாதக் கடைசியில் மருந்துக்கடையில் ரசீதை வாங்கிக்கொண்டு நின்றபோது, மச்சானுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை அழைக்கும்போது சொல்லவேண்டும்.